ஒப்புதல் பெற்ற மூன்று கோல்கள்

என் அக்கா பல வருடங்களாகத் தற்காலிக ஆசிரியை. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் போட்டிருக்கிறார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் அதற்கு, ஒவ்வொரு கல்வியாண்டின் கடைசியிலும் அக்கா பாத்திரங்களை ஓசையோடு வைப்பாள் என்று பொருள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாளைவிட வழியில் இருக்கிற நாள்தான் அதிகம். அந்த வீட்டின் பின்னறையில் நான் இருக்கிறேன். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன், அல்லது கல்லூரி என்னை விட்டது. இரண்டு தரப்பும் அதன்பிறகு ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளவில்லை. இப்போது ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை. மற்றவர்கள் தூங்கும்போது பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து எறிவேன். அவர்கள் எழுந்திருக்கும்போது வந்து படுப்பேன். அக்காவின் மகள் என்னை ஆந்தை மாமா என்று கூப்பிடுகிறாள். ஆந்தைக்காவது இருட்டில் கண் தெரியும்.

அந்த மகள் அக்காவின் வகுப்பிலேயே, ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

அந்த வருடம் அக்காவின் பள்ளிக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. அதை அக்காவுக்குத் தருவதற்குக் கல்வி அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. அவள் நடத்தும் ‘வாய்ப்பு வகுப்பில்’ பிள்ளைகள் அத்தனை பேரும் தேற வேண்டும். ஒரு பிள்ளை தவறினாலும் அந்த இடம் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

வாய்ப்பு வகுப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் நடக்கிற எந்தப் பெரிய சங்கதியையும் வகுப்பறைக்குள் இழுத்து வந்து பாடமாக்கிவிட வேண்டும் என்பது கல்வி அலுவலகத்தின் கொள்கை. இதற்கென்றே கற்பித்தல் வாய்ப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். அதற்கு முந்தைய வருடம் சூரிய கிரகணம் வந்தது. கிரகணத்தன்று பிள்ளைகளின் கண் பாதுகாப்புக் கருதி விடுமுறை விடப்பட்டதால், கிரகணம் முந்தின நாளே வகுப்பில் நடத்தி முடிக்கப்பட்டது. இந்த வருடம் கால்பந்து உலகக் கோப்பை.

சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பாடங்களும் கால்பந்து வழியாகவே நடத்தப்பட வேண்டும். நாடுகளின் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் மனதில் பக்கச்சார்பு வளரும் என்பதால் அணிகளைச் சட்டை நிறத்தால் மட்டுமே குறிப்பிட வேண்டும். பள்ளியில் இருந்த ஒரே பந்து கற்பித்தல் உபகரணம் என்று மறுவகைப்படுத்தப்பட்டு, தலைமையாசிரியை அறையில் கண்ணாடி அலமாரிக்குள் போனது. காலையில் அது பூமி. மதியம் அது கோளத்தின் பரப்பளவு. யாரும் அதை உதைக்கக் கூடாது. உதைத்தால் தேயும், தேய்ந்தால் பரப்பளவு மாறும். விளையாட்டு ஆசிரியர் போய்த் தன் பீரியடில் என்ன செய்வது என்று கேட்டார். எல்லாப் பீரியடும் விளையாட்டாகிவிட்ட பிறகு விளையாட்டுப் பீரியட் எதற்கு என்று அதைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

இவை எதுவும் என்னைப் பாதிக்கவில்லை. என்னைப் பாதித்தது விடைக்குறிப்பு.

இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் கணக்குத் தேர்வு. முதல் கேள்வி: இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் போட்ட மொத்த கோல்கள் எத்தனை? மற்றக் கேள்விகள், பின்னம், சராசரி, வரைபடம் எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துத் தொங்கின. கேள்வித்தாள் அச்சுக்குப் போகும் முன் விடைக்குறிப்பு ஒப்புதலுக்குப் போக வேண்டும். விடைக்குறிப்பில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. அப்போது உலகக் கோப்பை தொடங்கியிருக்கவே இல்லை.

நான் வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

“டேய், எழுந்திரு. ஃபைனல்ல எத்தனை கோல்?”

போட்டியே ஆரம்பிக்கவில்லை என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? கட்டம் காலியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. நீதானே எந்நேரமும் மேட்ச் பார்க்கிறே. ஒரு நம்பர் சொல்லுடா.”

நான் மேட்ச் பார்ப்பது உண்மை. பெட்டிகளுக்கு நடுவில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று புரியாமலே பார்ப்பேன். அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு பொருள்கள். போர்வை பச்சை. சுவர் வெள்ளை.

“பச்சை ரெண்டு, வெள்ளை ஒண்ணு. கதவைச் சாத்திட்டுப் போ” என்றேன். அக்கா இரண்டு நிறத்தையும் எழுதி, கூட்டி, கட்டத்தில் மூன்று என்று போட்டுக்கொண்டாள்.

மற்றப் பள்ளிகள் எல்லாம் அந்தக் கட்டத்தில் ‘ஆட்டம் முடிந்தபின் நிரப்பப்படும்’ என்று எழுதி அனுப்பி, முழுமையற்றவை என்று திருப்பியனுப்பப்பட்டன. முழுமையாக வந்தது அக்காவுடையது மட்டும்தான். அலுவலகம் அதை மாதிரி விடைக்குறிப்பாக அறிவித்து, எல்லாப் பள்ளிகளுக்குமாக அச்சடித்துவிட்டது. அக்கா அன்று சாயங்காலம் எனக்குப் பிடித்த இனிப்பு வாங்கி வந்தாள். நான் அந்த இனிப்பைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதன்பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, குறிப்பாக நான். பச்சைச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் ஒவ்வோர் ஆட்டமாக ஜெயித்து, இரண்டுமே இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டன. போர்வைக்கும் சுவருக்கும் இவ்வளவு திறமை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இதைச் சொன்னது யார் என்று அக்காவிடம் விசாரித்துவிட்டு, அலுவலகம் எனக்கு அழைப்பு அனுப்பியது. ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் வல்லுநராக வந்து மேடையில் உட்கார வேண்டும்.

போனேன். கல்லூரி என்னை உட்கார வைத்த கடைசிப் பெஞ்சுக்கு இருந்த முதுகுச்சாய்வுகூட அந்த மேடை நாற்காலிக்கு இல்லை. ஆனால் மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, அதன் மேல் காகிதக் குவளை கவிழ்த்து வைத்திருந்தது. மரியாதை என்றால் அதுதான் என்று புரிந்துகொண்டேன். என்னை விளையாட்டு ஆய்வாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்க எழுந்து நின்றால் பேசச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

வாய்ப்பு அலுவலர் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல், எழுதி வைத்துக்கொள்ளாமலே பேசுகிறவர். கூட்டத்தில் ஓர் ஆசிரியை எழுந்து, ஆட்டம் வேறு மாதிரி முடிந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அலுவலர் சிரித்தார்.

“நல்ல கேள்வி. ஆனா அடிப்படையே தப்பு. ஆட்டம் மொத்தம் ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சிடும். நம்ம விடைக்குறிப்பு மூணு மேசை தாண்டி, ஏழு கையெழுத்து வாங்கி வந்திருக்கு. இதுல எது அவசரத்துல செஞ்ச வேலைன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போது, அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே தோன்றியது.

பிள்ளைகள் மூன்று என்ற விடையை ஆட்டத்துக்கு முன்பே மனப்பாடம் செய்து முடித்தார்கள்.

இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எனக்கு விடுமுறை. மூன்று பேரும் டிவி முன் உட்கார்ந்தோம். அக்கா வாழ்நாளில் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கோல் விழும்போதெல்லாம் விரல் மடக்கினாள். இடைவேளை வரை ஒன்றுமில்லை. பிறகு பச்சை ஒன்று போட்டது. வெள்ளை ஒன்று போட்டது. பச்சை இன்னொன்று போட்டது. அக்கா எழுந்து நின்று டிவியைப் பார்த்து, “போதும், இதோட நிறுத்திக்குங்க” என்றாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரம் அவர்களும் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். அப்புறம் வெள்ளைச் சட்டை ஒன்று ஓடி வந்து நாலாவது கோலை அடித்தது. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு, “அம்மா, கணக்கு தப்பாப் போச்சு” என்றாள். கடைசி நிமிடத்தில் வெள்ளை இன்னொன்றும் போட்டு, மூன்றுக்கு இரண்டு என்று கோப்பையை வாங்கிக்கொண்டது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் குறுக்கே போய் நின்று தடுத்திருக்க வேண்டும் என்பது போன்ற பார்வை.

மறுநாள் காலை அக்கா வகுப்பில் நின்று, படித்ததை எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் பார்த்ததை எழுதினார்கள். ஐந்து. வக்கீலும் ஐந்து. முந்தின நாள் காய்ச்சலில் கிடந்து ஆட்டம் பார்க்காத ஒரே பையன் மட்டும் மூன்று என்று எழுதி நூற்றுக்கு நூறு வாங்கினான். தலைமையாசிரியை அவனைக் காலைக் கூட்டத்தில் மேடையேற்றி, டிவி பார்க்காமல் இருந்தால் எப்படி முன்னேறலாம் என்பதற்கு உதாரணமாகக் காட்டினார். பையன் இன்னும் இருமிக்கொண்டிருந்தான்.

ஒருவர் தவறினால் இடம் இல்லை என்ற வகுப்பில் ஒருவர்தான் தேறியிருந்தார். எல்லாப் பள்ளிகளிலும் இதே கதை. அலுவலர் நேரில் வந்தார். தலைமையாசிரியை அறையில் விசாரணை. என்னையும் விளக்கம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா சுவர் ஓரமாக நின்றாள், நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

விடைக்குறிப்பைத் திருத்திவிடலாமா என்று தலைமையாசிரியை மெதுவாகக் கேட்டார். அதற்கு அந்த ஏழு பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஓய்வு பெற்றவர் தவறு செய்ததாகச் சொல்ல விதியில் இடமில்லை என்று அலுவலர் விளக்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“விடை எங்ககிட்ட ஒப்புதலுக்கு வந்துச்சு, குடுத்தோம். ஆட்டம் எங்ககிட்ட ஒப்புதலுக்கு வரவே இல்லையே. நீங்கதானே வல்லுநர்? இப்ப சொல்லுங்க, தப்பு யார் மேல?”

போர்வை மேல் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதற்குப் பதிலாக, தோற்றவர்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன்.

“கொஞ்ச நேரம் ரெண்டுக்கு ஒண்ணுதான் சார் இருந்துச்சு.”

வெறும் வீம்புக்குச் சொன்னது. அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு நேரம்?”

“ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.”

அவர் முகம் தெளிந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அப்ப விடையிலயும் தப்பில்ல, ஆட்டத்துலயும் தப்பில்ல. போர்ஷன்தான் கூடிப்போச்சு.”

அங்கேயே முடிவெடுக்கப்பட்டது. மூன்றாவது கோல் வரை ஐந்தாம் வகுப்புப் பாடம். மீதி ஆட்டம் ஆறாம் வகுப்புக்கு. நான் வாழ்க்கையில் சரியாக இருந்தது மொத்தமே அந்தப் பத்து நிமிடம்தான். அதைக் கண்டுபிடித்துப் பாடத்திட்டத்தில் சேர்த்ததற்கு அரசாங்கத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மறுதேர்வு. அதற்கு முன் ஆட்டத்தின் பதிவை வகுப்பில் போட்டு, மூன்றாவது கோலோடு நிறுத்திவிட வேண்டும். முதல் தேர்வில் தேறிய பையனுக்கு விலக்கு. நாலாவது கோல் திரையில் தெரிந்தால் அது ஆறாம் வகுப்பு வினாத்தாள் கசிந்ததற்குச் சமம்; தேர்வு ரத்தாகும், அக்காவின் இடமும் போகும். ஆகவே ரிமோட்டை யார் வைத்திருப்பது என்பது பெரிய கேள்வியானது. தலைமையாசிரியை விளையாட்டு ஆசிரியரைச் சொன்னார். பந்தையே தொட அதிகாரமில்லாதவன் ரிமோட்டை எப்படித் தொடுவேன் என்று அவர் விலகிக்கொண்டார். அறையில் மிச்சமிருந்த வல்லுநர் நான்தான்.

தேர்வு நாள் காலை கிடங்கிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தேன். வாசலில் அக்கா நின்றிருந்தாள். திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. “தூங்கிடாதேடா” என்றாள், அவ்வளவுதான். அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. தூங்க மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது கொட்டாவி வந்தது.

வெளிச்சம் விழாமல் ஜன்னல்களுக்கு அட்டை ஒட்டியிருந்தார்கள். இரும்பு பீரோ மேல் டிவி. முன்னால் மெத்தை நாற்காலியில் அலுவலர், பக்கத்தில் ரிமோட்டோடு நான், பின்னால் பெஞ்சுகளில் பிள்ளைகள். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. முதல் பாதியில் ஒன்றுமே நடக்காது என்பது அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பந்து இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. அலுவலரின் தலை மார்பில் சாய்ந்தது. அவர் தூங்குகிறாரே, எவ்வளவு பொறுப்பில்லாத மனிதர் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்து ஞாபகம் இருப்பது, டிவியில் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தியது.

கண் திறந்தேன். அக்கா ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து, தன் உடம்பால் டிவியை மறைத்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளைச் சட்டைகள் துள்ளின. பிள்ளைகள் அத்தனை பேரும் மேசை மேல் தலையைக் கவிழ்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். வக்கீலின் குரல் மட்டும் கேட்டது.

“யாரும் கண்ணைத் திறக்காதீங்க. மாமா இன்னும் எழுந்திரிக்கல.”

ரிமோட் எனக்கு அடியில் எங்கோ போயிருந்தது. துழாவி எடுத்து நிறுத்தினேன். அந்த அமைதியில்தான் அலுவலர் விழித்தார். ஸ்டூல் மேல் கை விரித்து நின்ற அக்காவைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த தலைகளைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். அக்கா ஸ்டூல் மேலிருந்தே என் பக்கம் திரும்பினாள். என்னிடம் அந்த நேரத்துக்கு உதவும்படி எதுவுமே இல்லை. வழக்கம்போல.

வக்கீல் எழுந்தாள், கண்ணை மூடியபடியே.

“போர்ஷன் முடிஞ்சிருச்சு சார். அதான் நாங்க பார்க்கல.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே நெகிழ்ந்துவிட்டார்.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை டீச்சர். கண்ணு முன்னாடி நடக்கிறதைப் பார்க்காம இருக்க இந்தப் பிள்ளைங்க கத்துக்கிட்டிருக்காங்க. கல்வின்னா இதுதாங்க.”

தேர்வு நடந்தது. அலுவலர் எதிரே உட்கார்ந்திருக்க, அக்கா அங்கேயே திருத்தினாள். மூன்று, மூன்று, மூன்று என்று தாள்கள் புரண்டன. சிவப்புப் பேனா வேகமாக ஓடியது. கடைசிக்கு முந்தின தாளில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். வக்கீலின் கையெழுத்து. முதல் கேள்விக்கு நேரே எழுதியிருந்தாள்: இதுவரை மூன்று.

“என்ன டீச்சர்?” என்றார் அலுவலர்.

அக்கா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடைக்குறிப்பில் அந்தச் சொல் இல்லை. அதை அப்படியே விட்டால் அலுவலர் கேட்பார், கேட்டால் இவள் பதில் சொல்வாள், இவள் பதில் சொல்ல ஆரம்பித்தால் ஐந்து வரை போகாமல் நிறுத்த மாட்டாள்.

“ஒண்ணுமில்ல சார். ஒரு வார்த்தை அதிகமா எழுதியிருக்கா.”

இதுவரை என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மூன்றுக்கு முழு மதிப்பெண் போட்டாள். அலுவலர் அந்த மேசையிலேயே கோப்பில் கையெழுத்திட்டார். அக்கா நிரந்தரமானாள். தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வராந்தாவில் விளையாட்டு ஆசிரியர்கூட நின்று வாழ்த்தினார்.

வீட்டுக்கு நடந்தோம். அக்கா முன்னால் போனாள், யாரோ துரத்துவது போல வேகமாக. வக்கீல் அவளோடு போகாமல் என் பக்கத்தில் வந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்.

“மாமா, நிஜமா யார் ஜெயிச்சாங்க?”

நீயும்தானே பார்த்தாய், உனக்குத் தெரியாதா என்றேன்.

“எனக்குத் தெரியும். நீ சொல்றியான்னு பார்க்கிறேன்.”

அலுவலரின் வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. அது எங்களைத் தாண்டிப் போய், முனையில் திரும்பி மறையும் வரை செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்து நின்றேன்.

“வெள்ளை” என்றேன்.

சத்தமாகச் சொல்லு என்றாள்.

எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.